தங்கச்சி விட்டுட்டுப் போன கோழிகள்

தங்கச்சி: கூடையைப் பாத்ததும் ஏண்ணே முகம் இப்படிப் போகுது? வீட்டுல பெயின்ட் வேலை முடிஞ்சிருச்சு. என் நாலு கோழியையும் புடிச்சுக் குடு, கிளம்பறேன்.

அண்ணன்: உக்காரு. வந்ததும் வராததுமா... பத்து நாள்னு விட்டுட்டுப் போனே, மூணு மாசம் ஆச்சு. இன்னிக்கு மட்டும் ஏன் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறே?

தங்கச்சி: உனக்கு எதுக்குத் தொல்லை? அன்னிக்கே சொன்னியே, 'பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன், கோழி மேய்க்கச் சொல்றியா'ன்னு...

அண்ணன்: சொன்னேன், இல்லேங்கல. ஆனா விடிஞ்சதும் கதவைத் திறந்துவிடலேன்னா ஊரைக் கூட்டுதுங்க. எழுந்தேன். எழுந்தா தீனி வைக்கணும். நாலும் நாலு திசையில ஓடும், பின்னாடியே நடக்கணும்... முட்டி வீக்கம் வத்திடுச்சு, பாரு.

தங்கச்சி: நடங்க நடங்கன்னு டாக்டர் மாசக்கணக்கா கெஞ்சினாரு. அவர் பேச்சைக் கேக்கல...

அண்ணன்: அவர் முட்டை போடுவாரா?

தங்கச்சி: அது சரி... ஒழுங்கா சாப்பிடறியா இப்ப?

அண்ணன்: தினம் ரெண்டு முட்டை. டீயும் பன்னுமா கிடந்தவன்தானே... தலைசுத்தல் போயே போச்சு. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தேன், பாத்ரூம் லைட்டைச் சரிபண்ணிட்டான். கொல்லையில திரிஞ்ச பூரானைக்கூடக் காணோம். எல்லாம் இதுங்க வயித்துக்குள்ள.

தங்கச்சி: அண்ணி வெச்ச ரோஜா... பட்டுப்போச்சுன்னியே?

அண்ணன்: கோழி எருவை மக்கவெச்சுப் போட்டேன். துளிர் விட்டிருக்கு. அதைப் பாத்தன்னிக்கு அழுதுட்டேன்... சந்தோஷத்துலதான். உன் கோழிங்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கேம்மா.

தங்கச்சி: பட்டதெல்லாம் சரி. கூடையை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்...

அண்ணன்: இரு. ஒண்ணு சொல்லணும். சொன்னா திட்டக்கூடாது.

தங்கச்சி: அடிச்சுக் குழம்பு வெச்சிட்டியா?

அண்ணன்: சேச்சே. அந்த வெள்ளைக் கோழி... அது உன்னோடது இல்ல. உன்னோடதைக் கீரி தூக்கிட்டுப் போயிடுச்சு. ஆசையா வளத்தது, தெரிஞ்சா நீ மனசு கஷ்டப்படுவேன்னு... அதே நிறம், அதே கொண்டையாத் தேடி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.

தங்கச்சி: எங்கேருந்து?

அண்ணன்: பெரிய சந்தையில.

தங்கச்சி: நீயா? அண்ணி போனதுலேருந்து வாசப்படி தாண்டாதவன்... அவ்வளவு தூரமா?

அண்ணன்: ரெண்டு பஸ் மாறிப் போனேன். வர்றப்ப மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன். ஏய்... எதுக்கு அழறே? ஒரு கோழிக்குப் போயி...

தங்கச்சி: கோழிக்காக இல்லண்ணே.

அண்ணன்: வேற எதுக்கு? சரி, கண்ணைத் தொடை. வாய்விட்டுக் கேக்கறேன்... ஒரு கோழியையாவது விட்டுட்டுப் போ. இல்லேன்னா நாளைக்குக் காலையில நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?

தங்கச்சி: நீ இதைச் சொல்வியான்னு பாக்கத்தான் கூடையைத் தூக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுல பெயின்ட்டும் அடிக்கல, நான் கோழியும் வளத்ததில்ல. அந்த நாலையும் அதே சந்தையில உனக்காகத்தான் வாங்கினேன்.