மேம்பாலம் ஏறிய நானூறு பேர்

— நக்கோம்மா, நக்கோ! வேணவே வேணாம்! ஸ்டேஷன் வாசல மேம்பாலத்துப் பக்கம் வச்சா, என் இட்லிக் கடைக்கு ஈ கூட வராது.

— நானாங்க வெக்கிறேன், லூர்துமேரிக்கா? ஹைடெக் சிட்டி போற லோக்கல் ரயிலுக்குப் புது ஸ்டேஷன் வருதுங்க. ஜனம் எந்தப் பக்கம் நடக்குதோ, அந்தப் பக்கந்தான் வாசல், பஸ் ஸ்டாப், கடைங்க எல்லாம். பிளான் போடறதே அப்படித்தானுங்.

— ஜனம் எங்க நடக்குதுன்னு யாரு சொன்னா?

— ஜனமேதானுங்க்கா. இந்த மௌலாலி ரயில்வே காலனில நானூறு பேரக் கேட்டோம். அத்தன பேரும் மேம்பாலம் ஏறித்தான் ரயில் லைனத் தாண்டறோம்னாங்க.

— அத்தன பேருமா?

— ஆமாங்க. கால்ல கட்டுப் போட்ட தாத்தா ஒருத்தரு, தினம் அறுவத்திரெண்டு படி ஏறறேன்னாரு.

— எங்க மாமனாரு. கட்டில விட்டு எறங்கி ஆறு மாசம் ஆச்சு.

— அப்புறம் எதுக்குங்க்கா பொய் சொன்னாரு?

— நாந்தான் சொல்லச் சொன்னேன்.

— நீங்களா?

— ஹவ், நானேதான். கழுத்துல அட்டை, கையில பேப்பரு, லைன எப்படித் தாண்டுறேன்னு ஒரு கேள்வி. நாங்க ரயில்வே ஆளுங்கம்மா. லைனக் குறுக்கால தாண்டறதுக்கு ஃபைன் போட வந்திருக்காங்கன்னுதான நெனப்போம்? யார் கேட்டாலும் மேம்பாலம்னு சொல்லுங்கன்னு வீடு வீடா ஓடினேன்.

— நெசமா எப்படிங்க தாண்டறாங்க?

— தோ, என் அடுப்புக்குப் பின்னால பாரு, சுவத்துல ஓட்டை. இருவத்தஞ்சு வருசமா என் இட்லியத் தின்னுட்டு, அதுல பூந்துதான் காலனியே வேலைக்குப் போவுது.

— ஐயோ அக்கா! அப்ப வாசல அந்தப் பக்கம் தள்ளினதே...

— நாந்தான். என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். கைக்கு, எதுக்கு சிரிக்கறே? வயிறு எரியுதும்மா.

— சிரிக்கலீங்க்கா. சரி, கொஞ்சம் சிரிச்சேன். இன்னும் முடிஞ்சு போயிடல. நாளைக்குக் காலைல உங்க பெஞ்சுல உக்காந்து எண்ணறேன். யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். பூந்து போற தலைய மட்டும் எண்ணுவேன்.

— ஃபைனு?

— பேரே எழுத மாட்டேனுங். சத்தியமா. ஆனா எங்க பெரிய சார் ஒத்துக்கோணும். அவருதான் கையெழுத்துப் போடணும்.

— சொன்னா ஒத்துக்க மாட்டாரா?

— எங்கீங்க? 'சுபாஸ்ரீ, நான் பக்கத்து அபார்ட்மென்ட்லதான் குடியிருக்கேன், நானே தினம் மேம்பாலத்துல நடக்கறவன், எனக்குத் தெரியாதா'ன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு வரதராஜன் சார்.

— வரதராஜனா? குட்டையா, தங்க ஃபிரேம் கண்ணாடி, சட்டைப் பையில ரெண்டு பேனா?

— ஆமாங்! உங்களுக்கு எப்படீங்க...

— தினம் என் கடையில ரெண்டு இட்லி, சட்னி தனியா. நாளைக்கு நீ எண்ணும்போது, ஓட்டையில பூந்து போற மொத தலையே அவருதாம்மா!