ஒன்பதாவது படுக்கையின் பம்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காபி இயந்திரத்தைக் கழுவுகிறவன் நான் ஒருவன்தான். பதினோரு பேர் குடிப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றித் தேய்ப்பது நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள் ஐயா. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் வேலை, கணினிக்கு நிரல் எழுதும் மொழி ஒன்றை உருவாக்குவது. அந்த மொழியில் எழுதினால் குறிப்பிட்ட சில தவறுகள் நடக்கவே முடியாது. முடியாது என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தை இன்னொரு நிரல் வரிவரியாகச் சரிபார்க்கும். அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. ஆனாலும் ஒரு சலுகை உண்டு. ஓரிடத்தில் திணறினால் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மேலே போகலாம், அந்த இடத்தை மட்டும் அது கேள்வி கேட்காது. நாங்கள் அந்தச் சொல்லை 'அப்புறம்' என்போம். "எத்தனை அப்புறம் பாக்கி?" என்பதுதான் எங்களுக்குள் குசல விசாரிப்பு.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான் ஓர் அப்புறம் போட்டேன். நாலாயிரம் வரிகளில் ஒரு வரி. அதை வைத்து எழுதிய கட்டுரையை மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள், என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அதாவது கைடு, தோளில் தட்டினார், மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்று எங்கள் மொழியை எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த மருந்து ஏற்றும் பம்பின் படத்தைக் கைடு தன் அறையில் மாட்டிவைத்தார். என் அப்புறம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆறாம் ஆண்டில், ஆய்வேட்டுக்கு ஓர் அத்தியாயம் குறைந்தபோது, அதை நிரப்ப உட்கார்ந்தேன். மூன்று வாரம் முட்டி மோதினேன். பிறகுதான் புரிந்தது, அந்த வரியே பொய். பம்பை நிறுத்திவைத்து, மருந்தின் அளவை அடுத்தடுத்து இரண்டு தடவை மாற்றினால், திரையில் புது அளவு தெரியும். உள்ளே பழைய அளவே ஓடும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஐந்து விநாடி வேலை.

தவறு என்று சொன்னால் என் ஆறு வருஷ உழைப்பில் மண் விழும். கண்டுபிடிப்பு என்று சொன்னால் அதுவே ஓர் அத்தியாயம். இரண்டாவதை எழுதினேன். கைடு படித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குப்பா. கம்பெனிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

சொல்லவில்லை. சொன்னால் ஒரே வாரத்தில் திருத்தி, தாங்களே கண்டுபிடித்ததாக அறிவித்துவிடுவார்கள். தவிர, அந்த அத்தியாயத்தையே கட்டுரையாக மாநாட்டுக்கு அனுப்பியிருந்தேன்; எங்கள் துறையில் கட்டுரையை எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. முடிவு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஒழுங்கு. அந்த ஒழுங்கைத்தான் நான் கடைப்பிடித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள். அவளுக்கு எட்டாவது படுக்கை. தலைமாட்டில், கைடின் அறையில் படமாக இருந்த அதே பம்பு, அளவு மிஞ்சினால் மூச்சையே அடக்கிவிடும் வலி மருந்தைச் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் காலையும் மாலையும் சுற்றி வருவார். அளவை மாற்றுவது அப்போது மட்டும்தான். இரண்டு வேளையும் தவறாமல் போய், நர்ஸ் நகர்ந்ததும் அக்காவின் பம்பை அணைத்துப் போட்டேன்.

ஒன்பதாவது படுக்கையில் ஒரு தையல்காரம்மா. அவருக்கும் அதே பம்பு. "தம்பி, அந்தச் சட்டையக் கழட்டிக் குடு. பொத்தான் நூல்ல தொங்குது, பாத்தாலே எனக்குக் கை துறுதுறுங்குது" என்பார். படுத்தபடியே தைத்தும் கொடுத்தார். அந்தப் பொத்தான் இன்னும் விழவில்லை, பாருங்கள்.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னடா, தெனமும் அத அமுக்கி அமுக்கிப் பாக்குற?"

"சும்மாதான்க்கா. சில நேரம் சிக்கிக்கும். அணைச்சுப் போட்டா நல்லது."

"அப்ப அந்தம்மாவோடதையும் ஒரு தடவ அணைச்சுப் போடேன்."

"அடுத்தவங்க மெஷின்ல கை வைக்கக் கூடாதுக்கா."

நியாயமான பதில். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வாரம் என் கட்டுரைக்கு மதிப்பீடுகள் வந்தன. இரண்டு பேர் புகழ்ந்திருந்தார்கள். மூன்றாமவர்தான் எங்கள் துறையில் எப்போதும் வில்லன். 'காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் இது ஒரு தடவையாவது நிகழுமா? சான்று இல்லாமல் ஏற்க முடியாது' என்று எழுதியிருந்தார். பதில் தர ஐந்து நாள் அவகாசம்.

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் சான்றுக்கு எங்கே போவது? கம்பெனியிடம் ஒரு பம்பு கேட்டால் எதற்கு என்பார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பம்பு இருந்தது ஒரே இடத்தில். அக்காவுடையதை நான் அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்ததால் அதில் ஒன்றும் நிகழாது.

ஒன்பதாவது படுக்கையின் பம்பு என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். நான் அதைத் தொடவே இல்லை ஐயா, இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். மூன்று நாள் வெறுமனே போயின. நான்காம் நாள் காலை டாக்டர் வந்தார். "நேத்து முழுக்க மயக்கமாவே இருக்காங்க, மருந்தக் குறைங்க" என்றார். நர்ஸ் பம்பை நிறுத்திக் குறைத்தார். "இன்னும் கொஞ்சம் குறைச்சிடுங்க." மறுபடி குறைத்தார். மணி ஒன்பது நாற்பது. குறித்துக்கொண்டேன்.

திரையில் குறைந்த அளவு. பையில் மருந்து பழைய வேகத்திலேயே இறங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்காவது தரவு இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

பத்தேகாலுக்கு அந்த அம்மா, "தம்பி, தூக்கமாத் தள்ளுது" என்றார். "தூங்குங்கம்மா" என்றேன்.

பத்தரைக்கு அக்கா தலையைத் திருப்பினாள். "டேய், அவங்க மூச்சு ஒரு மாதிரி இருக்கு. நர்ஸக் கூப்பிடு."

"இன்னும் ரெண்டு படம்தான்க்கா."

வாய் தவறி வந்துவிட்டது. அக்காவுக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், இடுப்பு விடவில்லை. மணியைத் தேடினாள். அழைப்பு மணி என் நாற்காலிப் பக்கம் தொங்கியது. அவள் சத்தம் போட்டாள், ஆனால் வலியில் சத்தம் போடுகிறவர்கள் அந்த வார்டில் நிறையப் பேர். கடைசிப் படம் பத்து நாற்பதுக்கு. அதை எடுத்து முடித்ததும் மணியை நானே அவள் கையில் கொடுத்தேன். நர்ஸ் ஓடித்தான் வந்தார். காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் நண்பகலுக்குள் பதிலை அனுப்பினேன். மூன்றாமவர் மனம் மாறினார். கட்டுரை வெளியானதும் கம்பெனி எல்லாப் பம்புகளையும் திருத்தியது; அதனால் தப்பித்தவர்களை யாரும் உங்களிடம் அழைத்து வரப்போவதில்லை. அக்கா புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் என் முகத்தில் விழிப்பதில்லை, அதுதான் தாங்கவில்லை.

தெரிந்தே சாகவிட்டாயா என்று கேட்டீர்கள். ஆமாம். ஒன்பது நாற்பதிலிருந்தே தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டுரையில் அந்த அம்மாவின் பெயர் எங்கும் கிடையாது. படங்களில் அவர் கை தெரிந்த ஓரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தேன். நோயாளியின் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது, அந்த விஷயத்தில் நான் கொஞ்சமும் அலட்சியமாக இருக்கவில்லை.