எக்ஸ்ப்ளாய்ட்ஸ்

புதுக்கடையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "உனக்க அண்ணன் யாரையோ சுரண்டியிருக்காரு. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு."

"என்ன மைனி பறயுதிய?"

"கல்ஃபுல போட்டுல மீன் பிடிக்கப் போன மனுசன், முதலாளி தந்த லெட்டருன்னு போட்டோ எடுத்து அனுப்பினாரு. எல்லாம் இங்கிலீஷு, அதுல எக்ஸ்ப்ளாய்ட்ஸ்னு ஒரு வார்த்த. போன்ல போட்டுப் பாத்தேன், சுரண்டல்னு வந்துது. நாலு நாளா அவரு விளிச்சா நான் எடுக்கல்ல."

பக்கத்திலிருந்த நாத்தனார் போனை வாங்கிக் கடிதம் முழுவதையும் மெதுவாகப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் பஸ் தக்கலையைத் தாண்டிவிட்டது.

"மைனி, அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் உண்டு. பெரிய சாகசம் செஞ்சாலும் அப்பிடித்தான் எழுதுவாவ. பக்கத்துப் போட்டு கவுந்தப்போ அண்ணன் கடல்ல குதிச்சு மூணு பேர காப்பாத்தியிருக்கு. அதத்தான் புகழ்ந்து எழுதியிருக்காவ."

ஜன்னலோரப் பெண் போனைத் திரும்ப வாங்கிக் கணவனை அழைத்தாள்.

"கடல்ல குதிச்சத எனக்கிட்ட ஏன் பறயல்ல?" அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "நான் பயப்படுவேன்னா? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, அந்த லெட்டர வச்சு நான் என்ன செய்ய?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த மூணு பேருக்கும் பெண்டாட்டி புள்ளைய உண்டா?"

பதிலைக் கேட்டு முடித்தவள், "அப்பம் சரி, குதிச்சது சரிதான்" என்றாள்.