தேய்க்காமல் விட்ட பாதி

தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கும் பேச இடம் தந்திருக்கும் தலைவர் பெரியப்பா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பழம்பானை கிடைத்தது. தேசிய அருங்காட்சியகம் அதைக் கண்ணாடிக்குள் வைத்தது. பெருமைதானே? ஆனால் அட்டையில் என்ன எழுதினார்கள்? 'சமையல் பானை.' அவ்வளவுதான். நமக்குச் சுருக்கென்று தைத்தது. 'அரண்மனைப் பானை என்று மாற்றுங்கள், இல்லையேல் திருப்பிக் கொடுங்கள்' என்பதே இன்றைய தீர்மானம்.

போன வாரம் நானும் தையற்காரச் சித்தியும் அங்கே போனோம். பொற்காசுகளைக் கடந்தோம், போர்வாள்களைக் கடந்தோம், பானையின் முன் நின்றோம். ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது, மறுபக்கம் கன்னங்கரேல். சித்தியின் முகம் சுண்டிவிட்டது.

"நாந்தான்டி தேய்ச்சேன். பெரிய இடத்துக்குப் போகுதே, அழுக்கா போனா நம்மள என்ன நினைப்பாங்க?"

சிரிக்காதீர்கள் அத்தை. தேய்க்க நார் எடுத்துக் கொடுத்ததே நீங்கள்தானாம்.

அங்கே பானைகளைப் பராமரிக்கும் ஆய்வாளரும் அதைக் கேட்டுச் சிரித்தார். "நல்லவேளை, பாதியில உங்களுக்குக் கை வலிச்சிருச்சு. மிச்சக் கரியை வச்சுத்தான்க்கா கண்டுபிடிச்சோம். ஏதோ தானியம் வேகும்போது அடிப்பிடிச்சுத் தீய்ஞ்சிருக்கு. அதுக்கப்புறமும் இதுலதான் சமைச்சிருக்காங்க."

சித்தி கண்ணாடியருகே குனிந்தாள். "தீய விட்டாளா? அப்ப அவளுக்கும் கை நிறைய வேலை இருந்திருக்கு."

அன்பானவர்களே, காசில் அரசன் முகம் இருக்கிறது. வாளில் வீரன் பெயர் இருக்கிறது. தீய்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி உலை வைத்தவளுக்கு என்ன இருக்கிறது? அந்தக் கரி இருக்கிறது. அது மட்டும்தான் இருக்கிறது. அரண்மனை என்று எழுதிவிட்டால் அவளை யார் தேடுவார்? அன்று அறியாமல் தேய்த்தோம். இன்று அறிந்தே தேய்க்கப் போகிறோமா?

"அப்ப நம்ம தெருவுக்கு என்னம்மா பெருமை?" என்கிறார் மெக்கானிக் அண்ணன். நியாயமான கேள்வி. அரசர்கள் இருந்த இடங்கள் பல, அண்ணே. அவற்றில் பல இன்று வெறும் இடிபாடு. இங்கே அன்றும் அடுப்பு எரிந்தது, இன்றும் எரிகிறது.

தீர்மானம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். சித்தி, சரி. அத்தை, ஒரு கை போதும். பெரியப்பா, காகிதத்தை மடிக்கிறீர்களே?

"மடிச்சுட்டேன். அட்டையில நம்ம தெருப் பேரையாவது போடச் சொல்லும்மா."

நானே போய்க் கேட்கிறேன், பெரியப்பா.

பேசவிட்டதற்கும், கேட்டு மனம் மாறியதற்கும் உங்களுக்கு என் நன்றி. பெயர் தெரியாத அந்தச் சமையற்காரிக்கும் சேர்த்து, வணக்கம்.