இங்கிலீஷ்காரி புகழ்ந்த குதிரை

— என்னங்க, குதிரையை எதுக்கு இந்தத் தேய் தேய்க்கிறீங்க?

— கொடுக்கறதைச் சுத்தமாக் கொடுக்கணுமில்ல, பூர்மகான்.

— கொடுக்கறதா… யாருக்கு?

— நம்ம கூடாரத்துல தங்கியிருக்காளே ஹேசல், அவளுக்குத்தான். இதைத் தடவிக்கிட்டே "ஐ லவ்"னுட்டா. விருந்தாளி புகழ்ந்துட்டா அது விருந்தாளிக்கு. நம்ம கிர்கிஸ் வழக்கம் மறந்துடுச்சா?

— ஐயோ, நமக்கு இருக்கிறதே இந்த ஒத்தைக் குதிரை! குதிரைப்பாலுக்கு எங்கே போவேன்?

— எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா இந்தத் தோலோமுஷ் கஞ்சன்னு நாளைக்கு ஏரிக்கரை பூரா சிரிக்குமே…

— இருங்க, என் நோட்டு எங்கே… நரின் டவுன்ல மூணு நாள் இங்கிலீஷ் வகுப்புக்குச் சும்மாவா போனேன்? இதோ. லைக்னா பிடிக்குது. லவ்னா ரொம்பப் பிடிக்குது. ரெண்டும் மனசுக்குள்ள நடக்கிற வினை. கையை நீட்டாது.

— கையை நீட்டித்தானே தடவினா?

— குறுக்கே பேசாதீங்க! வாண்ட்னா வேணும். நீட்னா அது இல்லாம முடியாது. இதுங்கதான் கேக்குற வினை. அவ வாண்ட் சொன்னாளா?

— இல்ல…

— லைக்குக்கு முன்னாடி வுட் போட்டா அதுவும் வாண்ட் மாதிரிதான். வுட் போட்டாளா?

— மெதுவாப் போட்டிருந்தா?

— போடல! அதுவுமில்லாம, அவ லவ்வுக்கு என்னங்க மதிப்பு? புளிச்ச குதிரைப்பாலைக் குடிச்சா, மூஞ்சி அஷ்டகோணலாச்சு, "ஐ லவ் இட்"டுங்கிறா. கக்கூஸ் கதவைப் பார்த்தும் "ஐ லவ் இட்"டுங்கிறா!

— அந்த நீலப் பெயின்ட் நான் அடிச்சது…

— அப்போ கதவையும் கழட்டிக் கொடுங்க!

— கொடுக்கத்தான் போறேன். வினை அவங்களுது, வழக்கம் நம்மளுது. லைக்கோ லவ்வோ, விருந்தாளி புகழ்ந்தது எதுவும் இந்த வீட்டுல தங்கக் கூடாது!

— எதுவுமா… நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

— எதுவும்! இதுதான் முடிவு.

— சரி. அப்போ குதிரைக்குச் சேணத்தையும் மாட்டுங்க.

— ஏன், சேணத்தையும் புகழ்ந்தாளா?

— இல்லீங்க… காலையில நீங்க வறட்டிக் கூடையைச் சுமந்துட்டு வந்தப்போ என் காதுல ஒண்ணு சொன்னா. உங்களுக்குத் தலைகால் புரியாதேன்னு இவ்வளவு நேரம் மறைச்சு வச்சேன். "ஐ லவ் யுவர் ஹஸ்பெண்ட்"னா. ஏறி உக்காருங்க, ரெண்டையும் சேர்த்தே அனுப்பிடறேன்.