கானில் விழுந்தவர்கள்

விஜயலெட்சுமி: அதான் சொல்லிட்டேனே டொக்டர். மழ நேரம். தேயிலைக்கு நடுவுல தண்ணி ஓடுற கானுல அக்கா வழுக்கி வுழுந்துச்சு. தல கல்லுல பட்டுருச்சு. அம்புட்டுதான்.

கேசினி: சரி, சரி. பதறாதேங்கோ விஜயலெட்சுமி. நான் பொலிஸ் இல்லை.

விஜயலெட்சுமி: பொணம் அறுக்குற டொக்டர் பதுளையில இருந்து வர்றாங்கன்னதும் மீசை வச்ச ஆளுன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா டீச்சரம்மா மாதிரி... டீ குடிப்பீங்களா?

கேசினி: தாங்கோவன். புருசன்மார் கொலை செய்த பொம்பிளையளைப் பற்றித்தான் என்ர ஆராய்ச்சி. விபத்து எண்டு மூடின பழைய பைல்களும் பார்க்கிறன். உங்கட அக்கான்ர பைலில...

விஜயலெட்சுமி: இருங்க! ஆட்டோ சத்தமா அது?

கேசினி: பஸ். தெமோதரைப் பக்கம் போகுது. ஆரைப் பார்க்கிறீங்கள்?

விஜயலெட்சுமி: யாரும் இல்ல... கேளுங்க, கேளுங்க. சீக்கிரமா கேளுங்க.

கேசினி: அக்கான்ர புருசன் சதீஸ்குமார் சந்தேகப்படுற ஆளோ?

விஜயலெட்சுமி: கைப்போனப் புடுங்கி வச்சுக்கிருவாரு. கொழுந்து நிறுக்குற எடத்துல யாருகூட சிரிச்சேன்னு கேப்பாரு.

கேசினி: கழுத்தை நெரிச்சவரோ? சாகிறதுக்கு முந்தி, எப்பவாவது?

விஜயலெட்சுமி: நெரிச்சா... காது அடைச்சிரும் டொக்டர். கண்ணு முன்னால பூச்சி பறக்கும். மூணு நாளைக்கு சோறு எறங்காது, கஞ்சிதான்.

கேசினி: இது அக்கா சொன்னதோ?

விஜயலெட்சுமி: ...ஆமா. அக்காதான்.

கேசினி: நீங்கள் இண்டைக்கு ஏன் வேலைக்குப் போகேல்லை?

விஜயலெட்சுமி: கை தூக்க முடியல. கானுல வுழுந்துட்டேன்.

கேசினி: அந்த மப்ளரை எடுங்கோ.

விஜயலெட்சுமி: குளிருதுங்க.

கேசினி: அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிறீங்கள், வேர்த்துக் கொட்டுது... சதீஸ்குமார் இப்ப எங்க?

விஜயலெட்சுமி: ரயில் ஸ்டேசன்ல ஆட்டோ ஓட்டுறாரு. சோத்துக்கு வந்துருவாரு.

கேசினி: இஞ்சயோ?

விஜயலெட்சுமி: வேற எங்க போவாரு? கருமாதி முடிஞ்ச கையோட பெரியவங்க பேசி எனக்கே கட்டி வச்சாங்க. மதுஷாவுக்கு அப்ப ரெண்டு வயசு. வேற ஒருத்தி வந்தா அக்கா புள்ளைய பாப்பாளா சொல்லுங்க?

கேசினி: ஐயோ... அக்கா செத்த இந்த ஆறு வருசமாவோ?

விஜயலெட்சுமி: ஏன் இப்புடி பாக்குறீங்க? ஒங்களுக்குத் தெரியாதா?

கேசினி: தெரியும். தெரிஞ்சுதான் வந்தனான். உங்கட வாயால வரட்டும் எண்டுதான் கேட்டனான். டிஸ்பென்சரி புத்தகத்தில இந்த வருசம் மட்டும் உங்கட பேர் மூண்டு தரம் கிடக்கு. மூண்டுக்கும் "கானில் விழுந்தது" எண்டு எழுதியிருக்கு. அக்கான்ர பேருக்கு நேரையும் அதேதான் இருந்தது.

விஜயலெட்சுமி: தோட்டத்துல எல்லாரும் அப்புடித்தான் எழுதச் சொல்லுவோம். வேற என்னத்த சொல்றது? ஊரே சிரிக்கவா?

கேசினி: ஒருக்கா கழுத்தைப் பிடிச்சவன் பிறகு கொல்லுறான். என்ர பைல்கள் முழுக்க இதுதான். எனக்குப் பயமாக் கிடக்கு விஜயலெட்சுமி.

விஜயலெட்சுமி: எனக்கு மட்டும் பயம் இல்லையா? தண்ணி ஊத்துனா கூட பூட்டு தொறக்குற சத்தம் மாதிரி கேக்குது!

கேசினி: அப்ப உதவி செய்யுங்கோ. மரண விசாரணை அதிகாரி வாறதுக்கு முதலே பிரேதத்தைக் கழுவி, மஞ்சள் பூசி, பட்டுச்சேலை கட்டி வச்சிருந்தவை. அவர் பார்த்திட்டு விபத்து எண்டு எழுதிட்டார். வெட்டிப் பார்க்கேல்லை. கழுத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குளிப்பாட்டினது ஆர்?

விஜயலெட்சுமி: செத்தவங்கள குளிப்பாட்டாம அனுப்புவாங்களா? பொம்பளைங்க நாலஞ்சு பேரு... மறந்துருச்சு.

கேசினி: அந்தப் பொம்பிளையள் வாய் திறந்தாத்தான் வழக்கைத் திரும்பத் திறக்கலாம்.

விஜயலெட்சுமி: மறைச்சவள உள்ள போட்டுருவாங்களா?

கேசினி: பொய் சொல்ல மாட்டன். கேள்வி வரும். நான் பக்கத்தில நிப்பன்.

விஜயலெட்சுமி: புள்ள?

கேசினி: பள்ளிக்கூடத்தில இருந்து நேரா ஏத்திக்கொண்டு போவம். இப்பவே. வாகனம் கீழ நிக்குது. உங்கள் ரெண்டு பேருக்கும் தங்க இடம் கேட்டு வச்சிட்டன்.

விஜயலெட்சுமி: இருங்க, அடுப்ப அணைச்சிர்றேன்.

கேசினி: விஜயலெட்சுமி, நேரம் போகுது. குளிப்பாட்டினது ஆர்?

விஜயலெட்சுமி: நான்தான். இந்தப் பக்கம் நாலு வெரலு, அந்தப் பக்கம் ஒரு வெரலு, கன்னிப்போயி கெடந்துச்சு. அப்பனும் ஜெயிலுக்குப் போயிட்டா புள்ள அனாதைன்னு அம்மா அழுதுச்சு. மஞ்சள அரைச்சு கனமா அப்பி மூடுனேன். எல்லாம் தெரிஞ்சேதான் டொக்டர் அந்தாள கட்டுனேன்.