இன்னைக்கு லீவு

காலை நேரம். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு இருபது வயதிருக்கும். நீலச் சீருடை, இரட்டைப் பின்னல், மடியில் சாப்பாட்டுப் பை. அவர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் கேட்டார்.

“இன்னாக்கா, ஸ்கூல் அதுக்குள்ள வுட்டாச்சா?”

“ஸ்கூல் எங்க கீது? மூடி மாசக்கணக்காவுது. பூட்டப் பாத்துட்டு வர்றோம்.”

“பூட்டப் பாக்கவா?”

“இந்த மாதிரி புள்ளைங்களுக்குனு ஒரு சென்டர் இருந்திச்சு. கவர்மென்ட்டு குடுத்துகினு இருந்த பணத்த நிறுத்திட்டாங்க. டீச்சருங்க கொஞ்ச நாள் சம்பளம் இல்லாமலே வந்தாங்க. அப்புறம் அவங்களும் இன்னா பண்ணுவாங்க?”

“நீ வேலைக்குப் போவலையா?”

“இத யார்கிட்ட வுட்டுட்டுப் போறது? நின்னுட்டேன். அங்க போயிதான் தன் கையால துன்னக் கத்துகிச்சு. இப்ப மறுபடியும் ஊட்டச் சொல்லுது.”

“மூடிட்டாங்கனு பாப்பாகிட்ட சொல்லலியா?”

“சொன்னேன், புரியல. காலையில அதுவே டிரெஸ்ஸ மாட்டிகினு வாசல்ல நிக்குது. அந்த சென்டர் கேட்டத் தொட்டுப் பாத்தாத்தான் திரும்பி வரும். இன்னைக்கு லீவுனு சொல்லித்தான் வூட்டுக்குக் கூட்டிகினு வர்றேன்.”

“எத்தினி நாளைக்குக்கா இப்பிடி?”

அந்த அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் அவருடைய முந்தானையை மெல்ல இழுத்தாள்.

“நாளைக்கு ஸ்கூல் இருக்கும்மா,” என்றாள்.